15 மில்லிமீட்டரை விட வாசலில் இருக்கும் அடிபம்பு முக்கியம்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. வயது 67. வட சென்னையில் என் மாமனார் 1958-இல் கட்டிய வீட்டில் நானும் கணவரும் இருக்கிறோம். முன்பகுதி செங்கல் சுவர், சுண்ணாம்புச் சாந்து, மேலே மர உத்திரங்கள் மீது செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை. பின்னால் 2009-இல் கான்கிரீட் தூண் போட்டு சமையலறையும் குளியலறையும் சேர்த்தோம். இப்போது எங்கள் தெருவுக்கு அடியில் மெட்ரோ சுரங்கம் வரப்போகிறது. சுரங்கத்தின் நடுக்கோடு எங்கள் முன்சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி, 18 மீட்டர் ஆழத்தில் போகிறதாம். எதிர்ப்பக்கத்தில் இன்னொரு சுரங்கமும் உண்டு. நிலம் அதிகபட்சம் 15 மி.மீ. இறங்கலாம் என்று காகிதம் கொடுத்திருக்கிறார்கள். வீட்டைப் படம் எடுக்க வந்தவர்கள் கையெழுத்தும் கேட்கிறார்கள். கையெழுத்துப் போடாதே என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். எங்கள் ஏரியா களிமண், வீடு நிச்சயம் இறங்கிவிடும் என்கிறார் ஒரு மேஸ்திரி. விற்றுவிட்டு வந்துவிடுங்கள் என்கிறான் வெளிநாட்டில் இருக்கும் மகன். பின்கட்டில் ஒரு வேப்பமரமும் கிணறும் இருக்கின்றன. வாசலில் முன்சுவரிலிருந்து ஆறு அடி தள்ளி, பயன்படுத்தாமல் மூடிவைத்த பழைய அடிபம்பு ஒன்றும் உண்டு. நாங்கள் என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தைப் படித்துக்கொண்டே வந்தபோது 15 மி.மீ. என்ற எண்ணைத் தாண்டி வந்துவிட்டேன். கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த அடிபம்பில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

முன்சுவரிலிருந்து சுரங்கத்தின் நடுக்கோடு 5 மீட்டர். அடிபம்பு சுவரிலிருந்து ஆறு அடி, அதாவது கிட்டத்தட்ட 2 மீட்டர், தெருப்பக்கமாக இருக்கிறது. அப்படியானால் நடுக்கோட்டிலிருந்து அது 3 மீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. சென்னை மெட்ரோ சுரங்கத்தின் உள்விட்டம் 5.8 மீட்டர். அதைத் தோண்டும் மெஷினின் விட்டம் ஏறக்குறைய 6.6 மீட்டர். பாதி என்றால் 3.3 மீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள், பம்பின் குழாய் போதுமான ஆழம் போயிருந்தால் அது மெஷினின் வழியிலேயே நிற்கிறது.

ஒரு இரும்புக் குழாய் அவ்வளவு பெரிய மெஷினை என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். இரண்டு விதமாகச் செய்யும். களிமண்ணில் ஓடும் இந்த மெஷின், வெட்டிய மண்ணையே முகப்பில் அழுத்திவைத்து, அந்த அழுத்தத்தால்தான் எதிரே இருக்கும் மண் சரியாமல் பார்த்துக்கொள்கிறது. பிரஷர் குக்கர் மாதிரி ஒரு மூடிய அறை அது. பழைய போர் குழாய் ஒன்று அந்த அறையைத் தரையோடு இணைத்துவிட்டால், உள்ளே இருக்கும் அழுத்தம் குழாய் வழியே மேலே ஏறிவிடும். மண்ணை இளக்குவதற்காக விடும் சோப்பு நுரை வாசலில் பொங்கி வரும். அழுத்தம் இறங்கிய அந்தக் கொஞ்ச நேரத்தில் மண் முகப்புக்குள் கூடுதலாக நுழையும். இது முதல் விதம். குழாய் வெட்டும் சக்கரத்தில் சிக்கி மெஷினை நிறுத்துவது இரண்டாவது. ஒரு வீட்டுக்கு முன்னால் மெஷின் பல நாள் நின்றுபோவதை எங்கள் சுரங்கப் பொறியியல் தொழிலில் யாருமே விரும்ப மாட்டார்கள். நகர்ந்துகொண்டே இருக்கும் மெஷினை விட நிற்கும் மெஷினுக்கு அடியிலும் மேலேயும்தான் மண் அதிகம் அசையும்.

அதனால் இதை இந்த வாரமே செய்யுங்கள். பம்பின் மேல்மூடியை ஒரு பிளம்பரை வைத்துக் கழற்றி, கனமான ஒரு நட்டைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டு ஆழத்தை அளக்கச் சொல்லுங்கள். சுரங்கத்தின் உச்சி தரையிலிருந்து 18 கழித்தல் 3.3, அதாவது 14.7 மீட்டர் ஆழத்தில் வரும். அடிக்கணக்கில் 48 அடி. கயிறு 40 அடியைத் தாண்டினாலே விஷயம் முக்கியமானது. குழாய்க்குள் தூர் சேர்ந்து கயிறு நடுவிலேயே நின்றுவிடலாம், அதனால் குறைவான அளவு வந்தாலும் நிம்மதி அடைய வேண்டாம். பம்பு போட்ட காலத்தில் எத்தனை அடி என்று யாருக்காவது நினைவிருக்கிறதா என்று விசாரியுங்கள். அளவு, இடம், ஒரு போட்டோ மூன்றையும் வைத்து மெட்ரோ அலுவலகத்துக்கும் ஒப்பந்ததாரரின் தள அலுவலகத்துக்கும் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். நீங்களாக அதில் கான்கிரீட் ஊற்றி மூட வேண்டாம். எதை, எந்த ஆழம் வரை அடைப்பது என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். பின்கட்டுக் கிணற்றையும் அதே கடிதத்தில் சொல்லிவிடுங்கள். அது வழியில் இல்லை, ஆனாலும் அவர்கள் வரைபடத்தில் இருப்பது நல்லது.

சரி, இனி உங்களைத் தூங்கவிடாமல் செய்யும் அந்த 15 மி.மீ.

அந்த எண் வானத்திலிருந்து வந்ததல்ல. எப்படி வருகிறது என்று தெரிந்தால் அதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்பதும் தெரியும். மெஷின் தோண்டும் குழி, உள்ளே பொருத்தும் கான்கிரீட் வளையத்தை விடக் கொஞ்சம் பெரியது. முகப்பிலும் கொஞ்சம் மண் உள்ளே வரும். மெஷினின் உடலுக்கும் மண்ணுக்கும் நடுவே சிறு இடைவெளி உண்டு. மெஷின் நகர்ந்த பிறகு வளையத்தைச் சுற்றி 10, 15 செ.மீ. காலியிடம் பிறக்கும். அதை உடனுக்குடன் சிமெண்ட் கலவையை அழுத்தி நிரப்புவார்கள். எவ்வளவு நன்றாக நிரப்பினாலும் சொட்டு மண் இழப்பு இருக்கும். இந்த இழப்பைச் சுரங்கத்தின் பரப்பில் இத்தனை சதவீதம் என்று சொல்வது வழக்கம். உங்களுக்குக் கொடுத்த காகிதம் 1 சதவீதம் என்று வைத்துக்கொண்டிருக்கிறது. நான் திருப்பிக் கணக்குப் போட்டதில் அப்படித்தான் வருகிறது. 6.6 மீட்டர் விட்டத்துக்கு 1 சதவீதம் என்றால், ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் சுமார் 12 கன அடி மண். வீடு கட்டும்போது மணல் வாங்கியிருப்பீர்கள், ஒரு யூனிட்டில் எட்டில் ஒரு பங்கு.

களிமண்ணின் குணம் இங்கேதான் வருகிறது. ஈரக் களிமண் அவசரத்தில் சுருங்காது, உப்பாது. உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியேற நேரம் வேண்டும். அதனால் கீழே எவ்வளவு இழந்ததோ அதே அளவு மேலே பள்ளமாகத் தெரியும். கயிற்றுக் கட்டிலின் நடுவில் ஒருவர் உட்கார்ந்தால் எப்படித் தொய்யுமோ அந்த வடிவம். நடுவில் ஆழமாகவும் ஓரத்தில் மெதுவாக மேலேறியும் இருக்கும். அமெரிக்க மண்பொறியாளர் ரால்ஃப் பெக் 1969-இல் மெக்சிகோ நகரில் நடந்த சர்வதேச மாநாட்டில், பல நாட்டுச் சுரங்கங்களின் அளவீடுகளைக் கொண்டு இந்த வடிவத்தை முன்வைத்தார். இன்றும் எல்லாரும் அதில்தான் தொடங்குகிறோம். மெக்சிகோ நகரம் களிமண்ணுக்கு அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சியே பல இடங்களில் மீட்டர் கணக்கில் இறங்கிய ஊர். அந்த மாநாட்டுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடைத்திருக்காது என்று எனக்குத் தோன்றும்.

கட்டில் எவ்வளவு அகலத்துக்குத் தொய்யும்? களிமண்ணில் ஆழத்தில் பாதி என்பது நல்ல தோராயம். 18 மீட்டர் ஆழத்துக்கு 9 மீட்டர். நடுக்கோட்டிலிருந்து 9 மீட்டரில் வளைவு திசை திரும்பும். அதற்கு மூன்று மடங்கில், 27 மீட்டரில், இறக்கம் தேய்ந்து மறைந்துவிடும். மணலில் இதே பள்ளம் குறுகலாக, செங்குத்தாக இருக்கும். மேஸ்திரி களிமண் என்றதும் பயமுறுத்தியிருக்கிறார். பள்ளத்தின் சரிவைப் பொறுத்தவரை களிமண் உங்களுக்குச் சாதகம் என்று அவரிடம் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் வீட்டை அந்தப் பள்ளத்தில் வைப்போம். முன்சுவர் 5 மீட்டரில். பின்சுவர் நீங்கள் அனுப்பிய பிளானின்படி 17 மீட்டரில். நடுவில் 15 மி.மீ. இறங்கினால் முன்சுவருக்கு அடியில் 13 மி.மீ., பின்சுவருக்கு அடியில் இரண்டரை மி.மீ. எதிர்ப்பக்கச் சுரங்கம் முன்சுவருக்கு இன்னும் ஒன்றரை மி.மீ.க்குக் குறைவாகவே சேர்க்கும். அதாவது 12 மீட்டர் நீள வீட்டில் முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசம் சுமார் 11, 12 மி.மீ. ஆயிரத்தில் ஒரு பங்கு சாய்வு. கூடத்தில் ஒரு கோலிக்குண்டை வைத்தால்கூட இதனால் உருளாது, பழைய தரையின் மேடுபள்ளமே இதைவிட அதிகம். பொதுவாக 10 மி.மீ. இறக்கத்துக்கும் ஐந்நூறில் ஒரு பங்கு சாய்வுக்கும் உள்ளே இருந்தால் வீட்டைத் தனியாக ஆராய வேண்டியதில்லை என்று விட்டுவிடுவார்கள். உங்கள் வீடு சாய்வில் தாராளமாக உள்ளே இருக்கிறது, இறக்கத்தில் மட்டும் கோட்டைத் தாண்டுகிறது. ஆகவே உங்கள் வீட்டுக்கு அடுத்த கட்ட ஆய்வு தேவை. அது நடந்ததா என்று கேளுங்கள்.

ஒரு வீடு மொத்தமாக 50 மி.மீ. சீராக இறங்கினாலும் சுவரில் ஒரு கீறல்கூட விழாமல் இருக்கலாம். வாசலில் குடிநீர்க் குழாய் இணைப்பும் சாக்கடை இணைப்பும்தான் இழுபடும். அதே வீடு ஒரு பக்கம் மட்டும் 8 மி.மீ. இறங்கி மறுபக்கம் அசையாமல் நின்றால் விரிசல் வரலாம். என் மேசைக்கு வரும் கடிதங்கள் எல்லாம் எவ்வளவு இறங்கும் என்றுதான் கேட்கின்றன. வீட்டின் எந்த இடத்தில் எது எதை விட்டுப் பிரியும் என்பதுதான் கேட்க வேண்டியது.

உங்கள் வீட்டில் அந்த இடம் எனக்குத் தெரிகிறது. 1958 வீடு முடிந்து 2009 சமையலறை தொடங்கும் இணைப்பு. பிளானில் அது 14 மீட்டரில் வருகிறது. பள்ளத்தில் நிலம் கீழே மட்டும் போவதில்லை, சுரங்கத்தை நோக்கிப் பக்கவாட்டிலும் கொஞ்சம் நகர்கிறது. 9 மீட்டருக்கு உள்ளே மண் நெருக்கப்படுகிறது. அதற்கு வெளியே இழுபடுகிறது. இழுப்பு உச்சத்தில் இருப்பது 15, 16 மீட்டர் வாக்கில். உங்கள் இணைப்பு கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்கிறது. செங்கல் சுவர் நெருக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. போதாக்குறைக்கு அங்கே இருபுறமும் இரண்டு ஜாதி அஸ்திவாரம். ஒருபுறம் அகலமான செங்கல் கடைக்கால், மறுபுறம் தனித்தனித் தூண். இரண்டும் ஒன்றாக நகராது.

எவ்வளவு விரிசல் வரும்? பின்னாளில் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பேராசிரியரான ஜான் பர்லண்டும் அவரோடு சேர்ந்தவர்களும் 1970-களில் வகுத்த அட்டவணை ஒன்றை நாங்கள் எல்லாரும் பயன்படுத்துகிறோம். விரிசலின் அகலத்தை வைத்து, எவ்வளவு எளிதாகச் சரிசெய்யலாம் என்று பார்த்து, சேதத்தைத் தரம் பிரிப்பது அது. 1 மி.மீ. வரை மிக லேசானது, பெயிண்ட் அடிக்கும்போது சரியாகிவிடும். 5 மி.மீ. வரை லேசானது, விரிசலை நிரப்பிப் பூசினால் போதும், ஒன்றிரண்டு கதவு இறுகலாம். 5 முதல் 15 மி.மீ. என்றால் கொத்தனார் செங்கல்லைப் பிரித்துக் கட்ட வேண்டியிருக்கும், குழாய்கள் உடையலாம். அதற்கு மேல் போனால்தான் கட்டடத்தின் பலம் பற்றிய கவலை. 1 சதவீத மண் இழப்புக்கு உங்கள் இணைப்பில் வரும் இழுப்பு, அதாவது நீளத்தில் கூடும் அளவு, பத்தாயிரத்தில் 4 பங்குக்கும் குறைவு. அது அட்டவணையின் கீழ்ப்படி. இழப்பு 2 சதவீதமாகப் போனால் எல்லாமே இரட்டிப்பாகும். மிக லேசானது என்பதற்கும் லேசானது என்பதற்கும் நடுவில் வரும். சமையலறை வாசலுக்கு மேலே லிண்டல் மூலையிலிருந்து சாய்வாக இரண்டு மூன்று மி.மீ. விரிசல் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டை விற்கும் அளவுக்கான விஷயம் இது இல்லை. உங்கள் மகனிடம் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள்.

2 சதவீதத்துக்கு வாய்ப்பு உண்டா? உண்டு. மெஷினை நல்ல கைகள் ஓட்டினால், லண்டனில் அண்மைக் காலத்தில் போட்ட பெரிய ரயில் சுரங்கங்களில் நடந்ததுபோல, 1 சதவீதத்துக்குள் அடக்கிவிடலாம். மிருதுவான களிமண்ணில் 1 முதல் 2 என்பதும் சாதாரணமாகப் பதிவாகியிருக்கிறது. இந்த எண் மண்ணுக்குள் எழுதிவைத்த எண் இல்லை, வேலையின் தரத்தில் இருக்கும் எண். முகப்பு அழுத்தம் குறையாமல் இருந்ததா, வளையத்தைச் சுற்றிக் கலவை முழுசாகப் போனதா, வெளியே எடுத்த மண்ணின் எடை கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொரு வளையத்துக்கும் பார்க்க வேண்டும். அதனால் நீங்கள் கேட்க வேண்டியது 15 மி.மீ. சரியா என்று அல்ல. இழப்பு 2 ஆனால் என் வீட்டுக்கு என்ன வரும் என்று கணக்குப் போட்டீர்களா, எந்த அளவைத் தாண்டினால் மெஷினை என்ன செய்வீர்கள், ராத்திரி 2 மணிக்கு நான் யாரைக் கூப்பிட வேண்டும். இந்த மூன்றுக்கும் பதில் சொல்லும் தள அலுவலகத்தை நம்பலாம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். நான் இதுவரை போட்ட கணக்கு எல்லாம் மெஷின் ஒழுங்காக ஓடும் நாளுக்கானது. 2019 ஆகஸ்ட் 31 அன்று கொல்கத்தாவின் பவுபஜாரில் கிழக்கு-மேற்கு மெட்ரோவின் மெஷின் ஒரு நீர்ப்படுகையில் மோதித் தண்ணீர் சுரங்கத்துக்குள் பாய்ந்தது. தண்ணீரோடு மண்ணும் போனது. மேலே இருந்த பழைய வீடுகள் இடிந்து விழுந்தன, நிறைய குடும்பங்கள் வெளியேற வேண்டிவந்தது. 2022-இல் அதே பகுதியில் மறுபடியும் வீடுகளில் விரிசல் விழுந்தது. நம் ஊரிலும் 2017 ஏப்ரல் 9 அன்று அண்ணா சாலையில் சாலை உள்வாங்கி ஒரு பஸ்ஸும் காரும் குழிக்குள் இறங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். இவற்றைக் கயிற்றுக் கட்டில் கணக்கால் முன்கூட்டிச் சொல்ல முடியாது. இவை வேறு ஜாதி ஆபத்து. சுத்தமான களிமண் அப்படித் திடீரென்று ஓடாது. தண்ணீர் நிரம்பிய மணலும் வண்டலும்தான் ஓடும். எனவே மண்ணை ஆராய உங்கள் தெருவில் போட்ட துளைகளின் அறிக்கையைக் கேளுங்கள். 11 மீட்டருக்கும் 22 மீட்டருக்கும் நடுவில் களிமண் மட்டும்தானா, இடையில் மணல் படிவம் இருக்கிறதா என்று பாருங்கள். மணல் இருந்தால், அந்த இடத்தைக் கடக்கும்போது என்ன ஏற்பாடு என்று கேட்பது நியாயமான கேள்வி. நான் ஏன் அடிபம்பை முதலில் எடுத்தேன் என்பதும் இப்போது புரிந்திருக்கும்.

சரி, கையெழுத்து. பக்கத்து வீட்டுக்காரரின் அக்கறை புரிகிறது, ஆனால் அவர் சொல்வது உங்களுக்கு எதிராகவே திரும்பும். வேலை தொடங்கும் முன் உங்கள் வீடு எப்படி இருந்தது என்பதற்கு அந்தப் பதிவு ஒன்றுதான் சாட்சி. அது இல்லாமல் நாளை ஒரு விரிசலைக் காட்டினால், இது முன்பே இருந்தது என்பார்கள். அதை மறுக்க உங்களிடம் எதுவும் இருக்காது. அவர்களை உள்ளே விடுங்கள், கூடவே நடந்து போங்கள். பீரோவுக்குப் பின்னால், பரணுக்கு மேல், மாடிப்படிக்கு அடியில் என்று அவர்கள் விட்டுவிடும் இடங்களைக் காட்டுங்கள். கையெழுத்துப் போடும் காகிதத்தை முழுசாகப் படியுங்கள். இந்தத் தேதியில் வீட்டின் நிலை இது என்று மட்டும் சொன்னால் போடலாம். பிற்காலத்தில் எந்தக் கோரிக்கையும் எழுப்ப மாட்டேன் என்கிற மாதிரி ஒரு வரி இருந்தால் அதை அடிக்கச் சொல்லுங்கள். அடிக்க மறுத்தால் ஒரு வக்கீலிடம் காட்டாமல் போட வேண்டாம். பிரதி ஒன்று உங்கள் கையில் இருக்க வேண்டும்.

நீங்களும் தனியாக ஒரு பதிவு வைத்துக்கொள்ளுங்கள். இப்போது இருக்கும் ஒவ்வொரு விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் சிறு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். அகலத்தை அளக்க ஒரு ஸ்கேலை ஒட்டிவைத்துப் படம் எடுங்கள். கொத்தனார் ஒருவரை டியூப் லெவலும் தூக்குக்குண்டும் கொண்டுவரச் சொல்லி, நான்கு மூலையிலும் ஒரே மட்டத்தில் குறி வைக்கச் சொல்லுங்கள். சமையலறை இணைப்பில் இருபுறமும் பிடிக்கிற மாதிரி ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை அரால்டைட் போட்டு ஒட்டிவிடுங்கள். சுவர் பிரிந்தால் கண்ணாடி உடையும்.

இந்தக் கண்ணாடி விஷயத்தில் எனக்கு ஒரு பழைய அனுபவம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு களிமண் ஏரியாவில் வரிசையாகப் பழைய வீடுகளுக்குக் கண்ணாடி ஒட்டிவிட்டு, தினமும் காலையில் போய்ப் பார்ப்பது என் பொறுப்பு. ஒரு வீட்டில் பின்சுவர்க் கண்ணாடி சித்திரை மாதத்தில் குறுக்கே உடைந்திருந்தது. வீட்டுக்காரப் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மெஷின் அப்போது 300 மீட்டர் தள்ளி இருந்தது. எங்களுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. சுவரிலிருந்து நாலடியில் ஒரு முருங்கையும் வேம்பும் இருந்தன. அந்த வருஷம் கோடை கடுமை. சுவரோரத்து மண்ணைத் தோண்டிப் பார்த்தால் விரல் நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது. வேர்கள் குடித்ததும் வெயில் குடித்ததும் சேர்ந்து களிமண் சுருங்கி, பின்சுவர் இறங்கிவிட்டது. ஐப்பசி மழையில் அதே விரிசல் பாதிக்கு மேல் மூடிக்கொண்டது. சுரங்கம் அந்த வீட்டைக் கடந்தபோது எங்கள் கருவிகளில் பதிவானது அந்தக் கோடை செய்த அளவில் பாதிகூட இல்லை.

உங்கள் வீட்டுக்கும் இது பொருந்தும். அந்த வேப்பமரத்தை இப்போது வெட்டாதீர்கள். மரம் போனால் அது குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் மண்ணிலேயே தங்கி, களிமண் மாதக்கணக்கில் உப்பிச் சுவரை மேலே தள்ளும். சுரங்கம் கீழே இழுக்கும் அதே சமயத்தில் அது நடக்க வேண்டாம். கோடையில் வீட்டைச் சுற்றித் தண்ணீர் விடும் பழக்கம் இருந்தால் அதே அளவில் தொடருங்கள், புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். குளியலறைத் தண்ணீர் வெளியேறும் குழாய் கசிகிறதா என்று பாருங்கள். சமையலறைத் தூண்களுக்கு அருகே கசிவு இருந்தால் சுரங்கத்துக்கு முன்பே அதைச் சரிசெய்துவிடுங்கள்.

முன்பகுதி மெட்ராஸ் டெரஸ் பற்றி எனக்குக் கவலை குறைவுதான், ஒன்றைத் தவிர. சுண்ணாம்புச் சாந்து சிமெண்டைப் போல விறைப்பானது இல்லை, மெதுவான அசைவை உள்வாங்கிக்கொள்ளும். ஆனால் கூரையைத் தாங்கும் தேக்கு உத்திரங்களின் முனைகள் சுவருக்குள் உட்கார்ந்திருக்கும் இடத்தை ஒரு தச்சரை வைத்துத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அறுபது வருஷ மழையில் அந்த முனைகள்தான் உளுத்துப்போயிருக்கும். கரையான் தின்ற உத்திரத்துக்குச் சுவர் 3 மி.மீ. நகர்வதுகூட அதிகம். அப்படி ஒன்று இருந்தால், மெஷின் கடந்து போகும்வரை அதற்கடியில் தற்காலிகமாக ஒரு முட்டு கொடுக்கலாம். இதையும் ஆய்வுக்கு வருபவர்களிடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

மெஷின் நாளைக்கு 8, 10 மீட்டர் போனால், உங்கள் வீட்டுக்கான அசைவில் பெரும்பகுதி ஒரு வாரத்துக்குள் நடந்து முடிந்துவிடும். மெஷின் 20 மீட்டர் தள்ளி இருக்கும்போதே மெல்லத் தொடங்கும். அந்த வாரத்தில் உங்கள் சுவரில் பதித்த குறிகளைத் தினமும் அளக்க வேண்டும், அந்த அளவுகளை உங்களுக்கும் காட்டச் சொல்லுங்கள். உங்களுக்கோ கணவருக்கோ இரவில் பயமாக இருக்கலாம். அந்த ஏழெட்டு நாள் உறவினர் வீட்டில் தங்குவதில் தப்பே இல்லை. சில திட்டங்களில் அவர்களே தங்குமிடம் ஏற்பாடு செய்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

அதற்கப்புறமும் களிமண் கொஞ்சம் நகரும். அழுத்தப்பட்ட மண்ணிலிருந்து தண்ணீர் மெதுவாக வெளியேறி, மாதக்கணக்கில், மிருதுவான மண்ணென்றால் இன்னும் அதிக காலம், சிறிது சிறிதாக இறங்கும். பக்கத்தில் ஸ்டேஷனுக்காகப் பெரிய குழி தோண்டி நிலத்தடி நீரை இறைத்தால் இது கூடும். உங்கள் தெருமுனையில் ஸ்டேஷன் வருகிறது என்றால், கிணற்று நீர்மட்டத்தை வாரம் ஒருமுறை அளந்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த விஷயத்தில் உங்கள் கிணறுதான் தெருவிலேயே நல்ல கருவி.

ஆகையால் புது விரிசல் வந்தாலும் மெஷின் போன மறுவாரமே ஆளைக் கூப்பிட்டுப் பூச வேண்டாம். படம் எடுத்து, தேதி போட்டு, எழுத்தில் புகார் கொடுத்துவிட்டு விட்டுவிடுங்கள். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் போகட்டும். தை மாதத்தில் கண்ணாடியும் பென்சில் கோடுகளும் நகராமல் நின்றிருந்தால் அப்போது சரிசெய்யலாம். முன்பகுதிச் சுவர்களுக்குச் சிமெண்ட் வேண்டாம், சுண்ணாம்புச் சாந்தே போடச் சொல்லுங்கள். சமையலறை இணைப்பை மட்டும் இறுக்கிப் பூசாமல், அசைய இடம் விட்டு வளைந்துகொடுக்கும் பொருளால் நிரப்பி, மேலே ஒரு பட்டியடித்து மறைக்கச் சொல்லுங்கள். அந்த இடம் சுரங்கம் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு கோடையிலும் திறக்கத்தான் பார்க்கும்.

பம்பின் ஆழத்தை அளந்ததும் எத்தனை அடி என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.